அப்பத்தா சொன்ன 'சுருக்கு': ஒரு பாத்ரூம் ஹீட்டர் பழுதான கதை

2024 தை மாதம், பொங்கலுக்கு வந்த ஒறம்பரையெல்லாம் கிளம்பிப் போன மூன்றாம் நாள் வெடியால, எங்கள் வீட்டு பாத்ரூமில் அம்மாவுக்குக் கரண்ட் அடித்தது. ஷவரைத் திறந்து விட்டுவிட்டு, சூட்டைக் குறைக்கக் குழாயைத் திருகப் போயிருக்கிறார். விரலில் பிடித்தது தோள்பட்டை வரைக்கும் இழுத்துவிட்டது. கத்தக்கூட வாய் வரவில்லை என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஈ.சி.ஜி. எடுத்தோம், கோளாறு எதுவும் இல்லை. அன்று முழுக்கக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

ஹீட்டர் போச்சு, புதுசு மாட்டியாச்சு என்று இரண்டு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் கழற்றிப் பார்க்கப் பார்க்க ஒன்று தெரிந்தது. இந்தக் கதையில் தானாகக் கெட்டது ஹீட்டர் மட்டும்தான். மற்றதெல்லாம் நாங்கள் கெடுத்தது. அதனால்தான் முழுசாக எழுதுகிறேன்.

வீடும் தண்ணியும்

கோவை மாவட்டம் அன்னூர்ப் பக்கம் தோட்டத்துக்குள் 2011-இல் கட்டிய வீடு. சிங்கிள் ஃபேஸ் லைன். இந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றையும் போல எங்களுக்கும் இரண்டு தண்ணி. குடிக்க, சமைக்க ஆத்துத் தண்ணி, அது பஞ்சாயத்துக் குழாயில் எட்டு நாளோ பத்து நாளோ கழித்து வரும். மற்ற எல்லாவற்றுக்கும் போர் தண்ணி. சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளைப் பூ பூக்கும், பாத்ரூம் டைல்ஸில் பட்டை பட்டையாகக் கோடு விழும். கிட் வாங்கிக் கடினத்தன்மை பார்த்தேன், லிட்டருக்கு 680 மில்லிகிராம் காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் (ஐ.எஸ். 10500) சொல்லும் அளவு 200, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. நாங்கள் அதைக் குடிப்பதில்லை. ஹீட்டர்தான் குடித்தது.

முன்பெல்லாம் புறக்கடையில் அண்டா வைத்து, தென்னை மட்டையும் தேங்காய்த் தொட்டியும் போட்டுத் தண்ணி காய வைப்போம். அண்டாவுக்குள் சுண்ணாம்பு மாதிரி படியும். அப்பத்தா மாதம் ஒரு தரம் அதைச் சுரண்டிக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். அண்டா திறந்த வாய், உள்ளே என்ன படிகிறது என்று தினமும் கண்ணில் படும். ஹீட்டருக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

அந்த ஹீட்டர் 2018-இல் வாங்கியது. 3 லிட்டர், 3000 வாட், இன்ஸ்டன்ட் வகை. 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் இழுக்கும். ஷவரோடு இணைத்திருந்தோம். இந்த வகை ஹீட்டருக்கு ஷவர் கொஞ்சம் அதிகம்தான். 3000 வாட்டால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டர் தண்ணியை ஏறக்குறைய 29 டிகிரி ஏற்ற முடியும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட விட்டால் 11 டிகிரிக்கு மேல் ஏறாது. மார்கழியில் எங்கள் மேல் தொட்டித் தண்ணி 21 டிகிரி இருந்ததால் எப்படியோ சமாளித்தது. இங்கிலாந்தில் இருக்கும் மச்சான் வீட்டில் எலக்ட்ரிக் ஷவர் என்று ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பச்சைத் தண்ணி நேராக உள்ளே போய், அதே வேகத்தில் சுடச்சுட வெளியே வருகிறது. அது 8500 வாட், தனியாக 37 ஆம்பியர் இழுக்கும். சுண்டு விரல் தடிமன் கேபிளை அதற்கென்றே மெயினிலிருந்து இழுத்து வருகிறார்கள். நம் வீட்டு லைனில் அதை நினைத்துப் பார்க்கவே முடியாது. நமக்கு அந்த அளவுக்குத் தேவையும் இல்லை.

முன்னால் தெரிந்த அறிகுறிகள்

கார்த்திகையிலேயே ஹீட்டர் சத்தம் போட ஆரம்பித்தது. அடுப்பில் தண்ணி கொதிக்கும் முன் வருமே ஒரு கொர்ர்ர், அது. சிவப்பு விளக்கு அடிக்கடி அணைந்து அணைந்து எரிந்தது. ஷவரில் பாதித் துளைகள் அடைத்துக்கொண்டு தண்ணி ஒல்லியாக வந்தது. அப்பா இரண்டு முறை ஷவர் மூடியை வினிகரில் ஊற வைத்துக் குத்தி விட்டார். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

இதே நேரத்தில் அப்பத்தா வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். பின்பக்கத் தாவாரத்தில் வாஷிங் மெஷின் இருக்கிறது. "மிசினத் தொட்டாச் சுருக்குங்குது சாமி." நான் போய்த் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. அப்பா தொட்டார், ஒன்றும் இல்லை. இன்னொரு நாள் ஃப்ரிட்ஜ் கதவும் சுருக்கென்கிறது என்றார். "வயசான காலத்துல நரம்பு அப்படித்தான் இழுக்கும்" என்று அத்தை ஃபோனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "நாஞ் சொன்னா ஆரு கேக்கறீங்க" என்று அப்பத்தாவும் விட்டுவிட்டார்.

நாங்கள் தொட்டுப் பார்த்தது பொழுதோட, செருப்புப் போட்டுக்கொண்டு. அப்பத்தா தொட்டது வெடியால ஆறரை மணிக்கு, வெறுங்காலோடு, ஈரத் தரையில் நின்று, ஈரக் கையால். அந்த நேரத்தில் வீட்டில் யாராவது தண்ணி வாத்துக்கொண்டிருப்பார்கள், அதாவது ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்கு ஒன்றரை மாதமும் அம்மாவின் வலது கையும் தேவைப்பட்டன.

முதல் ரிப்பேர்

மார்கழிக் கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து ஒரு எலக்ட்ரீசியன் தம்பியைக் கூப்பிட்டோம். கெட்டிக்காரப் பையன். எடுத்ததும் ஹீட்டரைப் போடச் சொன்னான். டிஜிட்டல் டெஸ்டரை ஃப்ரிட்ஜ் உடம்பில் வைத்தான், எரிந்தது. ஹீட்டரை நிறுத்தச் சொன்னான், அணைந்தது. நாங்கள் ஒன்றரை மாதமாகப் பார்க்காததைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டான். ஹீட்டரில் கசிகிற கரண்ட், எர்த் ஒயர் வழியாக வீட்டில் எர்த் போட்ட எல்லா உடம்புக்கும் போகிறது. அதுவரை கணிப்பு நூற்றுக்கு நூறு சரி.

அடுத்துச் செய்ததுதான் தப்பு. ஹீட்டரின் 3 பின் டாப்பைக் கழற்றி, பச்சை ஒயரை மட்டும் எடுத்து டேப் சுற்றி மடக்கி வைத்தான். "எர்த்துல ரிட்டன் வருதுங்ணா. கட் பண்ணி உட்டாச்சு, இனி வராது." 300 ரூபாய் வாங்கினான்.

சொன்னபடியே வரவில்லை. அப்பத்தாவுக்கு வாஷிங் மெஷினில் சுருக்கு நின்றுவிட்டது. நாங்களும் பையனைப் பாராட்டினோம். ஹீட்டர் கசிவது அப்படியே இருந்தது. இத்தனை நாள் வீடு முழுக்கப் பரவி வலுவிழந்து சுருக்கென்று தெரிந்த கரண்ட், இப்போது போக்கிடம் இல்லாமல் பாத்ரூமிலேயே தேங்கி நின்றது. பதினோராம் நாள் அம்மா தொட்டார்.

பையன் மேல் மட்டும் பழி போட எனக்கு மனசு வரவில்லை. "சுருக்கு வருது, நிறுத்திக் கொடுங்க" என்றுதான் நாங்கள் கேட்டோம். நிறுத்திக் கொடுத்தான்.

அளந்து பார்த்தது

அம்மாவுக்கு அடித்த அன்று மத்தியானம் வேறொரு பெரியவர் வந்தார். பீளமேட்டுப் பக்கம் மோட்டார் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் காயில் கட்டியவர், இப்போது வீட்டு வயரிங்கும் பார்க்கிறார். பையில் டெஸ்டரே இல்லை. மீட்டர், கரண்ட் எங்காவது ஒழுகுகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகர், ஹோல்டரில் ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப், அவ்வளவுதான். டெஸ்டர் லேசான தூண்டல் கரண்டுக்கும் எரியும், அதை நம்பி ஒரு முடிவும் எடுக்கக் கூடாது என்பார்.

நான் கேட்டேன்: "ஏனுங்க, ஹீட்டர்தான் நேத்து வரைக்கும் தண்ணிய நல்லாக் காய வெச்சுதே?"

"காய வெக்கறது வேற, ஒழுகறது வேறங்க தம்பி. சுடுதான்னு கேட்டீங்க, சுடுதுன்னு சொல்லுச்சு. ஒழுகுதான்னு நீங்க கேக்கவே இல்லீங்களே."

மீட்டரில் எலிமென்ட் 17.9 ஓம் காட்டியது. 3000 வாட்டுக்கு 17.6 வர வேண்டும், ஆகவே எலிமென்ட் அறுபடவில்லை. தண்ணி சுட்டதற்கு இதுதான் காரணம். அப்புறம் மெகரை எலிமென்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவில் வைத்துச் சுற்றினார். நல்ல ஹீட்டரில் பல மெகா ஓம் காட்ட வேண்டிய முள், சைபர் பக்கத்திலேயே படுத்துக்கொண்டது.

பிறகு தோட்டத்து ஈர மண்ணில் ஒரு கம்பியை அடித்து, அதற்கும் பாத்ரூம் குழாய்க்கும் நடுவில் வோல்ட் பார்த்தார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஹீட்டரை ஒரு நிமிடம் மட்டும் போட்டோம். 74 வோல்ட். கழற்றி வைத்த எர்த் ஒயரைத் தற்காலிகமாகச் சேர்த்துவிட்டு மறுபடி பார்த்தார். குழாயில் 26 வோல்ட், ஃப்ரிட்ஜ் கதவிலும் அதே 26. அப்பத்தாவின் சுருக்கு எத்தனை வோல்ட் என்று கடைசியில் எண்ணாகவே தெரிந்துவிட்டது.

முழு 230 ஏன் வரவில்லை என்றால், எலிமென்ட் என்பது நீளமான நிக்ரோம் சுருள். ஒரு முனையில் ஃபேஸ் 230, மறு முனையில் நியூட்ரல், கிட்டத்தட்ட சைபர். நடுவில் எந்த இடத்தில் ஓட்டை விழுகிறதோ அந்த இடத்து வோல்ட்தான் தண்ணிக்கு வரும். எங்களுக்கு நியூட்ரலிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் விழுந்திருந்தது. ஃபேஸ் முனைப் பக்கம் விழுந்திருந்தால் இதை எழுதும் மனநிலையில் நான் இருந்திருக்க மாட்டேன். அம்மாவின் காலுக்கடியில் ஒரு ரப்பர் மேட் வேறு இருந்தது. டைல்ஸ் வழுக்குகிறது என்று அன்னூர்ச் சந்தையில் 120 ரூபாய்க்கு அவரே வாங்கிப் போட்டது. நனைந்த உடம்பின் தடை ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும் என்பார்கள். அந்தக் கணக்கில் 74 வோல்ட் ஒன்றும் சின்ன எண் இல்லை.

சுவிட்சில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருக்கிறதா என்றும் பார்த்தார். மாறியிருந்தால் சுவிட்சை அணைத்த பிறகும் எலிமென்ட் முழுக்க 230 நிற்கும். அது மட்டும் சரியாக இருந்தது.

பட்டறையில் அறுத்தது

எனக்கு ரிப்பேர் செய்யத்தான் ஆசை. ஸ்டார்ட்டர், மோட்டார், மிக்சி என்று எதையும் தூக்கிப் போடாமல் பட்டறைக்குக் கொண்டுபோகிற ஊர் இது. ஆனால் அந்த மாடலில் எலிமென்ட்டைக் கழற்ற முடியாது. ஸ்டீல் டேங்கோடு சேர்த்து வெல்டு அடித்திருக்கிறார்கள். மாற்றினால் டேங்கோடுதான் மாற்ற வேண்டும். அதற்குச் சொன்ன விலை புது ஹீட்டர் விலையில் பாதிக்கு மேல். ஐந்து வருட வாரண்டியும் சில மாதம் முன்புதான் முடிந்திருந்தது.

சரி, போனது போகட்டும், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றார் பெரியவர். அவருக்குத் தெரிந்த லேத் பட்டறையில் கட்டிங் வீல் வைத்து டேங்கை நெடுக்காக அறுத்தார்கள். டீக்கடைக் கூட்டம் போல எட்டுப் பேர் சுற்றி நின்று பார்த்தோம்.

மூன்று லிட்டர் டேங்கில் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைச் சில்லுகள், உடைத்த முட்டை ஓட்டைக் கொட்டி வைத்த மாதிரி. எலிமென்ட் இருந்த இடத்தில் எலிமென்ட் தெரியவில்லை, பெருவிரல் தடிமனுக்குச் சாம்பல் நிறச் சுண்ணாம்புக் குழல்தான் தெரிந்தது. சுத்தியலால் தட்டியதும் பட்டை பட்டையாகக் கழன்றது. உள்ளே செப்புக் குழாய் ஓரிடத்தில் கறுத்து, நகம் கீறியது போல ஒரு வெடிப்பு.

அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடினத் தண்ணியில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கிறது. சூடு ஏற ஏற அது கால்சியம் கார்பனேட்டாக மாறி, கரையாமல் சூடான இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும், 60 டிகிரிக்கு மேல் வேகமாக. சூட்டுக்கும் தண்ணிக்கும் நடுவில் அந்தப் பட்டை கம்பளி போர்த்திய மாதிரி உட்கார்ந்துகொள்ளும். உப்புப் படிந்தால் ஹீட்டர் கரண்ட் அதிகம் இழுக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எங்கள் எலிமென்ட்டின் 17.9 ஓம் அதற்குப் பதில். எலிமென்ட் அதே 13 ஆம்பியரைத்தான் இழுக்கிறது, அந்தச் சூடும் கடைசியில் தண்ணிக்குத்தான் போகிறது. மாறுவது எலிமென்ட்டின் சொந்தச் சூடு. தண்ணிக்குச் சூட்டைத் தள்ள முடியாமல் செப்புக் குழாய் கொதித்து, மீண்டும் ஆறி, மீண்டும் கொதித்து ஒரு நாள் வெடிக்கிறது. குழாய்க்கும் நிக்ரோம் சுருளுக்கும் நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு பொடி அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. ஆனால் ஈரம் பட்டால் அந்தக் குணம் போய்விடும். வெடிப்பு வழியாகத் தண்ணி உள்ளே போன அன்றைக்கே அப்பத்தாவின் சுருக்கு ஆரம்பித்திருக்கும்.

எர்த் குழி எங்கே?

ஹீட்டர் செத்தது புரிந்தது. ஆனால் எர்த் என்று ஒன்று இருந்தும் ஃப்ரிட்ஜ் கதவில் எப்படி 26 வோல்ட் நிற்க முடியும்? பெரியவர் இதை விடவில்லை. "எர்த் குழி எங்கீங்க இருக்குது?"

அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கட்டும்போது வீட்டின் வடபக்கம் குழி எடுத்து, கரியும் கல்லுப்பும் மாற்றி மாற்றிப் போட்டு ஜி.ஐ. பைப் இறக்கியது எனக்கு நினைவிருக்கிறது. தண்ணி ஊற்ற மேலே ஒரு புனல்கூட இருந்தது. 2016-இல் கார் நிறுத்த அங்கே கான்கிரீட் போட்டு, மேலே டைல்ஸ் ஒட்டினோம். புனல் அசிங்கமாகத் துருத்திக்கொண்டிருக்கிறது என்று கொத்தனாரிடம் மூடச் சொன்னது நான்தான்.

டைல்ஸை உடைத்தோம். ஜி.ஐ. ஒயர் கிளாம்ப்பில் சேரும் இடத்தில் துருவேறி நூல் மாதிரி தொங்கியது, மண் காய்ந்து பொடியாகக் கிடந்தது. எர்த் டெஸ்டர் கொண்டுவந்து பார்த்ததில் மண்ணுக்குப் போகிற வழியின் தடை 160 ஓம்.

இனிக் கணக்கு நேராக வரும். 26 வோல்ட்டை 160 ஓமால் வகுத்தால் 0.16 ஆம்பியர், அதாவது 160 மில்லி ஆம்பியர் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஹீட்டர் லைனில் இருந்த எம்.சி.பி., அதாவது அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானாக விழும் சுவிட்ச், 16 ஆம்பியர். இந்தக் கசிவை அது கவனிக்கக்கூடச் செய்யாது. ஃபேஸ் நேராக உடம்பில் மோதியிருந்தாலும் 160 ஓம் வழியாக ஒன்றரை ஆம்பியருக்குக் கீழேதான் போகும், அப்போதும் எம்.சி.பி. விழாது. எம்.சி.பி. இருக்கிறது, அதனால் பயமில்லை என்று பத்து வருடமாக நம்பிக்கொண்டிருந்தேன். அது ஒயரைக் காப்பாற்ற வந்தது. ஆளைக் காப்பாற்ற வேறொன்று வேண்டும்.

அந்த வேறொன்று எங்கள் வீட்டில் இருந்தது என்பதுதான் கூத்து.

2012-இன் மிச்சம்

எம்.சி.பி.கள் எல்லாம் இருக்கும் டி.பி. பெட்டியைத் திறந்த பெரியவர் சிரித்துவிட்டார். கரண்ட் கசிந்தால் லைனை அறுத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் இ.எல்.சி.பி. ஒன்று புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. சரியாகச் சொன்னால் ஆர்.சி.சி.பி., ஆனால் கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். மேலே வந்த ஒயரையும் கீழே போன ஒயரையும் அதிலிருந்து கழற்றி, நேருக்கு நேர் சேர்த்து முறுக்கி டேப் சுற்றியிருந்தது. நெம்புகோல் மட்டும் 'ஆன்' பக்கம் நின்றது.

அப்பா அப்போதுதான் நினைவு வந்து சொன்னார். 2012-இல் தமிழ்நாட்டில் பாதி நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அந்த வருடம் இன்வெர்ட்டர் வாங்கினோம். மாட்டிய அன்றிலிருந்து இ.எல்.சி.பி. அடிக்கடி விழுந்தது. வருவதே கொஞ்ச நேரக் கரண்ட், அதிலும் இது விழுந்தால் கோபம் வராதா? மாட்ட வந்தவர்களிடம் சொன்னார், அவர்கள் பைபாஸ் பண்ணிவிட்டுப் போனார்கள். அதோடு அப்பா மறந்துவிட்டார்.

இந்தக் கருவி செய்வது ஒரே வேலை. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், எங்கோ வேறு வழியில் ஒழுகுகிறது என்று கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். எங்கள் இன்வெர்ட்டருக்கு ஃபேஸை இதற்கு முன்னாலிருந்து எடுத்து, நியூட்ரலை இதற்குப் பின்னால் சேர்த்திருந்தார்கள். போனது ஒரு வழி, வந்தது இன்னொரு வழி. கணக்கு இடித்தது, விழுந்தது. கருவி சரியாக இருந்தது, வயரிங் தப்பு. நாங்கள் சரியாக இருந்ததைக் கழற்றிவிட்டு, தப்பை வைத்துக்கொண்டோம்.

அது மட்டும் உயிரோடு இருந்திருந்தால் 160 மில்லி ஆம்பியர் கசிவு என்பது அதன் அளவைப் போல ஐந்து மடங்கு. காய்ந்துபோன அந்த எர்த்தை வைத்துக்கொண்டேகூட முதல் நாளே விழுந்திருக்கும். 160 ஓமில் 30 மில்லி ஆம்பியர் என்றால் ஐந்து வோல்ட்தான். அப்பத்தாவுக்கு ஒரு சுருக்குகூடத் தெரிந்திருக்காது.

என்ன மாட்டினோம்

இன்ஸ்டன்ட்டை விட்டு 15 லிட்டர் ஸ்டோரேஜ் ஹீட்டருக்கு மாறினோம். 2000 வாட், 8.7 ஆம்பியர். 21 டிகிரித் தண்ணியை 55-க்குக் கொண்டுவர 18 நிமிடம் ஆகிறது. விளக்கு அணைந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் குளிக்கப் போக வேண்டும் என்று அம்மா சட்டம் போட்டுவிட்டார், இன்றைக்கும் அமலில் இருக்கிறது. தேர்ந்தெடுக்க இரண்டே காரணம்: எலிமென்ட்டை நட்டுக் கழற்றி வெளியே எடுக்க முடியும், உள்ளே மெக்னீசியம் ஆனோடு கம்பி இருக்கிறது. டேங்க்கைத் துரு அரிக்காமல் தான் கரைந்துபோகிற கம்பி அது. தெர்மோஸ்டாட்டை 55-க்கு மேல் ஏற்றக் கூடாது என்றார் பெரியவர். சுண்ணாம்பு வேகமாகப் படிவது அதற்கு மேலேதான்.

எர்த்துக்கு வீட்டின் கிழக்கே, தென்னைக்குப் பாய்கிற வாய்க்கால் ஓரம் புதுக் குழி எடுத்தோம். ஐந்தடியில் சுக்கான்பாறை தட்டியது. உடைத்து ஒன்பதடி வரை இறக்கி, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் களிமண் போட்டும் 21 ஓம்தான் வந்தது. பத்தடி தள்ளி இன்னொன்று எடுத்து இரண்டையும் சேர்த்ததும் 11. வாரம் ஒரு முறை வாய்க்காலில் தண்ணி பாயும்போது 8 வரை இறங்குகிறது. இந்த முறை மூடி போட்ட தொட்டி கட்டி, மேலே 'எர்த்' என்று பெயின்ட்டில் எழுதி வைத்தாயிற்று.

இ.எல்.சி.பி. புதுசு மாட்டி ஆன் செய்ததும் உடனே விழுந்தது. எதிர்பார்த்ததுதான். இன்வெர்ட்டர் நியூட்ரலைத் தேடிப் பிரிக்க அரை நாள் ஆனது. ஹால் ஃபேனின் நியூட்ரல் மாடிப் படி விளக்கின் நியூட்ரலோடு சேர்ந்திருந்தது, அதைக் கண்டுபிடிக்கத்தான் பாதி நேரம். எலக்ட்ரீசியன்கள் ஏன் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள் என்று அன்று புரிந்தது. அரை நாள் வேலைக்கு நாம் அரை மணி நேரக் கூலி கொடுக்கிறோம்.

மொத்தச் செலவில் ஹீட்டர்தான் பெரிசு, 7,400 ரூபாய். எர்த் குழிகள் இரண்டும் கூலியோடு 6,000-க்குப் பக்கம். அம்மாவைக் காப்பாற்றியிருக்கக் கூடிய பொருளின் விலை 2,000-க்கும் கீழே.

அதற்கப்புறம்

2025 தை மாதம் ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தோம். எலிமென்ட்டின் மேல் மெல்லிய ஓடு, டேங்கின் அடியில் இரண்டு கைப்பிடிச் சில்லு. எலிமென்ட்டை எடுத்து வினிகர் தண்ணியில் ஒரு ராத்திரி ஊற வைத்ததில் விட்டுவிட்டது. ஆனோடு பாதிக்குமேல் கரைந்திருந்தது, புதுசு போட்டோம். இந்தத் தண்ணிக்கு வருடம் ஒரு முறை என்பதே சரியான கணக்கு. 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு-அவினாசித் திட்டம் ஓட ஆரம்பித்து, பவானித் தண்ணி எங்கள் பக்கத்துக் குளம் குட்டைகளுக்கு வருகிறது. போரில் உப்புக் குறையும் என்று ஊரில் சொல்கிறார்கள். கிட்டில் இப்போது 650 காட்டுகிறது. அது திட்டமா, மழையா என்று சொல்ல ஒரு வருடம் போதாது.

இ.எல்.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதாமாதம் அமாவாசை அன்று அப்பத்தாதான் அமுக்குகிறார். விரதத்தோடு சேர்த்துக்கொண்டதால் மறப்பதில்லை. வாஷிங் மெஷினை மட்டும் இன்னும் புறங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் துணி போடுகிறார்.

போன ஐப்பசி அடைமழையில் ராத்திரி எட்டு மணிக்கு இ.எல்.சி.பி. விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. வீட்டில் ஒறம்பரை வேறு, சமையல் பாதியில் நின்றது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அப்பா, "இன்னிக்கு ராத்திரிக்கு மட்டும் அதைக் கொஞ்சம் நேரா முறுக்கி உட்டுட்டா என்ன?" என்றார். சொல்லிவிட்டு அவரே வாயை மூடிக்கொண்டார். ஒவ்வொரு எம்.சி.பி.யாக இறக்கிப் பார்த்ததில் கேட் விளக்கு லைனில் நின்றது. விளக்குப் பெட்டிக்குள் அரை டம்ளர் தண்ணி, அதற்குள் செத்த எறும்புகள். அந்த லைனை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, கேட்டில் அரிக்கேன் மாட்டினோம்.